என் மனைவிக்கு நான் எழுதிய பயோடேட்டா

என் மனைவிக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று நான் சபதம் எடுத்த அன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு எனக்குக் கிடைத்தது கட்டித் தயிரும் நேற்றைய ரொட்டியும்.

சபதம் பெரிது. காரணம் என் வயிறு. என் வயிற்றைப் பார்த்தவர்கள் அதுவும் பெரிதுதான் என்பார்கள்.

இர்பித் நகரத்தில், பல்கலைக்கழகத்துக்கு எதிர்த் தெருவில் என் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங். படிப்பை முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் பயோடேட்டா தயாரித்துக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இந்த ஊரில் வேலைக்குப் போனவர்களில் பாதிப் பேர் என் கடைப் படியிறங்கிப் போனவர்கள். மீதிப் பாதி பக்கத்துக் கடைக்குப் போனவர்கள். அதனால்தான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவேன். என் மனைவி ஸுஹைர் மக்லூபா செய்து வைத்திருப்பாள். பானையைத் தட்டில் கவிழ்த்தால் ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் சோற்றின் தலையில் ஏறி உட்கார்ந்து எனக்குச் சலாம் வைக்கும். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் என் வாழ்க்கை. ராஜாவுக்குக்கூட இப்படி ஒரு தூக்கம் வாய்க்குமா என்பது சந்தேகம்.

எங்கள் ஒரே மகன் மிக்தாத். அவன் பெயரால்தான் ஊரில் நான் அபூ மிக்தாத், அவள் உம் மிக்தாத். அவன் வெளியூருக்குப் படிக்கப் போனான். அவன் போன வெறுமையில் ஸுஹைர் என்ன செய்தாள் தெரியுமா? அவளும் படிக்கப் போய்விட்டாள். நாற்பது வயதில், ஆசிரியர் பயிற்சி. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஸ்வெட்டர் பின்னுகிறார்களே, அந்த மாதிரி ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்தேன். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதில்லை. இவள் படித்து முடித்துச் சான்றிதழோடு வந்து நின்றாள். அடுத்த நாள்தான் அந்தத் தயிர்.

"என்ன இது?"

"லப்னே."

"அது தெரியுது. சாப்பாடு எங்கே?"

"அதுதான் சாப்பாடு, அபூ மிக்தாத். நான் வேலைக்குப் போனா இப்படித்தான் இருக்கும். இப்பவே பழகிக்குங்க."

"வேலை கிடைச்சிடுச்சா?"

"கிடைச்ச மாதிரிதான். பூங்காவுக்குப் பின்னாடி இருக்கே தொடக்கப் பள்ளி, அங்கே ஒண்ணாம் வகுப்புக்கு ஆள் கேக்கறாங்க. பயோடேட்டா ஒண்ணுதான் பாக்கி."

"அதுக்கென்ன?"

"ஊருக்கெல்லாம் எழுதறீங்க. எனக்கு எழுத மாட்டீங்களா?"

"அனுபவம்னு ஒரு கட்டம் வரும். அங்கே என்னத்த எழுத?"

"நீங்கதான் யோசிக்கணும்."

"இத்தனை வருஷமா உன்னை அனுபவிச்சது நான். அனுபவம் உனக்கு எப்படி வரும்?"

அவள் சிரிக்கவில்லை. ரொட்டியை என் பக்கம் நகர்த்தினாள். அதை மென்று முடிப்பதற்குள் என் தாடைக்கு நல்ல அனுபவம் கிடைத்தது.

அடுத்த நாளும் லப்னே. மூன்றாம் நாள் மாறுதலுக்காக ஆலிவ் காய் சேர்ந்துகொண்டது. நான் பக்கத்துத் தையல்கடை ஜௌதத்திடம் ஓடினேன். ஜௌதத் அனுபவசாலி. அவன் மனைவி ருவைதா மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மத்தியானத்தில் ஆறிப்போன ஃபலாஃபில் வடை சாப்பிட்டு, அவன் தைத்த சட்டை அவனுக்கே தொளதொளவென்று ஆகிவிட்டது.

"எழுத மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதே, ஹிக்மத்," என்றான் ஜௌதத், வாயில் ஊசியைக் கடித்தபடி. "சொன்னா வேற எவன்கிட்டயாவது போய் எழுதிக்குவா. எழுதிக் குடு. ஆனா உண்மையை எழுது."

"உண்மையையா?"

"ஆமா. வீட்டுல அவ எப்படியோ அதை அப்படியே எழுது. எந்தப் புருஷனாவது பொண்டாட்டியைப் பத்தி உண்மையை எழுதினா உலகத்துல எவன் வேலை குடுப்பான்?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "ஜௌதத், இவ்வளவு மூளையை வெச்சுக்கிட்டு நீ ஏன் இன்னும் பட்டன் தைச்சுக்கிட்டு இருக்கே?"

"எனக்கு இந்த யோசனை இன்னைக்குக் காலையிலதான் வந்துது," என்றான் ஏக்கத்தோடு. "அன்னைக்கே வந்திருந்தா..."

வீட்டுக்கு வந்து, எழுதித் தருகிறேன் என்றேன். ஒரே ஒரு பயம் இருந்தது. அவள் வாங்கிப் படித்துவிட்டால்? அதற்கும் அவளே வழி சொன்னாள்.

"நீங்க என்ன எழுதினாலும் நான் பார்க்க மாட்டேன். என்னைப் பத்தி நானே படிச்சா எனக்குக் கூச்சமா இருக்கும். நீங்களே உறையில போட்டு ஒட்டிக் குடுத்துடுங்க."

அப்பாவிப் பெண். எனக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்தது. நாலாம் நாளும் லப்னே வந்ததும் பரிதாபம் பறந்துபோனது. கடையில் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வயிற்றில் எரிச்சல், விரலில் வேகம். வழக்கமாக நான் போடும் 'குழந்தைகளை உயிருக்கு உயிராக நேசிப்பவர், எந்த நெருக்கடியிலும் புன்னகை மாறாதவர்' எல்லாவற்றையும் ஓரம் கட்டினேன். அது பயோடேட்டா இல்லை, பயடேட்டா. படிப்பவர்கள் நடுங்க வேண்டும்.

அனுபவம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: 'பள்ளியில் இல்லை. வீட்டில் ஒரு மகனையும் ஒரு கணவனையும் வளர்த்தார். மகன் தேறிவிட்டான்.'

அப்புறம் கை தானாக ஓடியது. 'இவர் சமையலறையில் சாதாரணமாகப் பேசினால் எதிர்வீட்டு மாடியில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். காலையில் சொன்னதையே சாயங்காலமும், சலிப்பே இல்லாமல், புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தவனை எழுப்பி அனுப்புவார், அவன் அந்த வீட்டுக்கே சொந்தக்காரனாக இருந்தாலும். பொய் சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டாம், முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பார். காலி டப்பா, முட்டை அட்டை, பாட்டில் மூடி எதையும் தூக்கிப் போட விடமாட்டார். அவற்றுக்கு ஓர் அலமாரி ஒதுக்கியிருக்கிறார். என் சட்டைகள் நாற்காலியில் கிடக்கின்றன.'

கடைசியாக, எனக்கு ரொம்ப நாளாக ஆறாத ஒரு புண். 'தெருவில் யாராவது குழந்தை அழுதால் காரணம் கேட்க மாட்டார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அது அழுது முடிக்கும்வரை எழுந்து வரமாட்டார். அடுப்பில் இருப்பது கருகிவிடும். கருகியதை நான் சாப்பிட்டிருக்கிறேன்.'

உறையில் போட்டேன். ஒட்டினேன். ஒன்றுக்கு இரண்டாக டேப் போட்டேன். அவள் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். நான் அன்று ஆனந்தமாக லப்னே சாப்பிட்டேன். இன்னும் கொஞ்ச நாள்தானே!

வாரம் முடிவதற்குள் பள்ளியிலிருந்து போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். கணவரையும் அழைத்து வரச் சொன்னார்களாம்.

"என்னை எதுக்கு?"

"எழுதினவரைப் பார்க்கணுமாம்."

ஆஹா, கூப்பிட்டுத் திட்டப் போகிறார்கள் என்று எனக்கு ஒரே குதூகலம். இஸ்திரி போட்ட சட்டை, டை, ஈத் பெருநாளுக்கு மட்டும் போடும் செருப்பு. ஸுஹைர் தோற்றுத் திரும்பும்போது ஆறுதல் சொல்ல இரண்டு வாக்கியம்கூட மனப்பாடம் செய்துகொண்டேன்.

தலைமையாசிரியை பெயர் இன்ஆம். ஸித் இன்ஆம் என்று மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும். அந்த அம்மாளைப் பார்த்தால் பெயர் மறந்தவனுக்குக்கூட மரியாதை மறக்காது. மேஜை மேல் ஒரு குவியல் பயோடேட்டா.

"இதெல்லாம் இந்த ஒரு வேலைக்கு வந்தது," என்றார். "எதை எடுத்தாலும் 'குழந்தைகளை உயிருக்கு உயிராக நேசிப்பவர்'. எதை எடுத்தாலும் 'எந்த நெருக்கடியிலும் புன்னகை மாறாதவர்'. அந்தப் புன்னகையில ரெண்டு சுழி 'ன'வுக்குப் பதிலா மூணு சுழி 'ண'. எல்லாத்துலயும் புண்ணகை! ஒரே கடையில அச்சடிச்சது. அந்தக் கடைக்காரன் யாருன்னு தெரியலை. கையில கிடைச்சான்னா ஸ்கேலால நாலு போடு போடணும்."

நான் மேலே சுற்றிய மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்தேன்.

"இந்தக் குவியல்ல ஒரே ஒரு மனுஷிதான் இருந்தாங்க," என்று என் உறையை எடுத்தார். "இது நீங்க எழுதினதா?"

"ஏதோ... கோபத்துல..."

"குரல் எதிர் மாடி வரைக்கும் கேக்குமா? எங்க ஒண்ணாம் வகுப்பு மைதானத்துக்குப் பக்கத்துல. போன டீச்சர் குரல் முதல் வரிசையைத் தாண்டலை. சொன்னதையே சலிக்காம சொல்வாங்களா? அதுக்குப் பேரு பாடம் நடத்தறது. கை கழுவ அனுப்புவாங்களா? பொய்யைக் கண்டுபிடிப்பாங்களா?" ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றுக்கும் என் மக்லூபாவிலிருந்து ஒரு துண்டு கறி காணாமல் போனது. "முட்டை அட்டை நிஜமாவே இருக்கா?"

"ஒரு அலமாரி நிறைய இருக்கு, ஸித் இன்ஆம்," என்றாள் ஸுஹைர் பணிவாக.

"கொண்டாங்க, கொண்டாங்க. கைவேலை வகுப்புக்கு நான் ஊரெல்லாம் பிச்சை எடுக்கறேன்."

பிறகு அவர் கடைசிப் பத்திக்கு வந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் வாரம் முழுக்க ஒண்ணாம் வகுப்புல எல்லாக் குழந்தையும் அழும். என்ன செய்வீங்கன்னு கேட்டா எல்லாரும் மிட்டாய் குடுப்பேன், கதை சொல்வேன்னு சொல்றாங்க. பக்கத்துல உட்காருவேன்னு ஒருத்தர் சொல்லலை. கருகினதை உண்மையாவே சாப்பிட்டீங்களா, அபூ மிக்தாத்?"

"சாப்பிட்டேன்."

"திட்டினீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை. அவ அந்தக் குழந்தையையும் கூட்டிட்டு வந்து என் பக்கத்துல உட்கார வெச்சிருந்தா. அது என் தட்டுலேர்ந்து எடுத்துத் தின்னுச்சு. எப்படித் திட்டறது?"

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஸித் இன்ஆம் அங்கேயே, அப்போதே, எங்கள் ஊரில் பள்ளி வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார். குறிப்பு எழுதுகிறேன் என்று குறி வைத்தவன் நான். குறி தவறவில்லை, ஆனால் வேட்டை அவளுக்கு.

வெளியே வந்து பூங்கா வழியாக நடந்தோம். ஸுஹைர் வாசலில் சோள வண்டியில் இரண்டு சோளம் வாங்கினாள். என்னால் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"உம் மிக்தாத், நான் எதுக்கு அப்படி எழுதினேன் தெரியுமா?"

"எனக்கு வேலை கிடைக்கக் கூடாதுன்னு."

வாயில் இருந்த சோளம் சட்டையில் சிதறியது. "ஜௌதத் சொல்லிட்டானா?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? அந்த யோசனை எங்கேருந்து வந்துதுன்னு அவருக்கே தெரியாது. 'ஹிக்மத் மட்டும் உண்மையை எழுதிட்டா ஸுஹைருக்கு வேலை அம்போதான்'னு ருவைதா அன்னைக்குக் காலையில அவருக்குக் காபி ஊத்தும்போது ஒரு பெருமூச்சு விட்டா. விடச் சொன்னது நான்."

"அப்ப லப்னே?"

"அது உங்களுக்குக் கோபம் வர்றதுக்கு."

"என்கிட்ட நேரா கேட்டிருந்தா நான் நல்லா எழுதியிருக்க மாட்டேனா?"

"எழுதியிருப்பீங்க. புண்ணகையோட." அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த சோளத்தைத் தட்டிவிட்டாள். "நீங்க பாசமா எழுதினா உங்க கடை பயோடேட்டாதான் வரும். கோபமா எழுதினாதான் அதுல நான் வருவேன். இத்தனை வருஷமா என்னைப் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கீங்கன்னு அதைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது."

"படிச்சப்பவா? பார்க்க மாட்டேன்னியே!"

"டேப்பைக் கொதிக்கற கெட்டில் ஆவியில காட்டினா தானா கழண்டுக்கும்," என்றாள் என் மனைவி. "ரெண்டு டேப்பா இருந்ததால கொஞ்சம் நேரம் ஆச்சு."

கோபப்பட வேண்டிய இடம். ஆனால் சோளம் நன்றாக வெந்திருந்தது. அவள் கையை வீசி நடந்தாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைப் போல. அவளை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மத்தியானத்தில் நான் கடையைச் சாத்திவிட்டு வந்து பருப்பும் அரிசியும் போட்டு முஜத்தரா சமைக்கிறேன். முதலில் அது கஞ்சியாக வந்தது, அப்புறம் கல்லாக வந்தது, போன வாரம் முஜத்தராவாகவே வந்துவிட்டது. ஸுஹைர் பள்ளியிலிருந்து வந்தாள். கை கழுவினாள். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாள். நான் பரீட்சை எழுதியவன் மாதிரி எதிரில் நின்றேன்.

"வெங்காயம் இன்னும் கொஞ்சம் சிவந்திருக்கலாம். ஆனா நல்ல முன்னேற்றம்," என்றாள். பையிலிருந்து ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கரை எடுத்து என் சட்டைப் பையின் மேல் ஒட்டினாள்.

அதோடுதான் கடைக்குப் போனேன். எடுக்க மனம் வரவில்லை. ஜௌதத் பார்த்துவிட்டு, இது என்னடா மெடல் என்றான்.

"வகுப்பிலேயே நான்தான் முதல்," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. அந்த வகுப்பில் நான் ஒருவன்தான் படிக்கிறேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.