அடைப்போடயா, அடைப்பில்லாமயா?

அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுவது என் வேலை. டாக்டர் எழுதியிருந்தால்தான் நோய். நாங்களாக எதையும் ஊகிக்கக் கூடாது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கும் எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூரில் அந்த வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பிசிர் வெட்டிய பனியன் கட்டைத் தூக்கி வைத்த என் மாமியார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கர்ப்பப்பை ஆபரேஷன் தழும்பில் வெகுநாளாக இருந்த வீக்கம் கல்லாகியிருந்தது. வாந்தி வேறு.

"வாயுதான் கண்ணு. ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு."

சோடாவுக்குப் பதில் ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் அவசரமாகப் பார்த்து, சீட்டில் 'ஹெர்னியா' என்று மட்டும் எழுதினார். "நாளைக்கு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

ஒற்றைச் சொல்! (எங்கள் ஆபீசில் இப்படி அரைகுறையாக வந்தால் டாக்டருக்கே திருப்பி அனுப்புவோம்.)

"சார், தழும்புல வந்ததாங்க, தானா வந்ததாங்க?"

"தழும்புலதான்."

"அதையும் எழுதீருங்க. குடல் அடைப்போடயாங்க, அடைப்பில்லாமயாங்க?"

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லீங்க... நெம்பர் போடறவ."

வரிசையில் நின்ற பெரியவர் சிரித்தார். "லாட்டரியத்தான் நிறுத்திட்டாங்களே அம்மணி!"

கணவர் என் முந்தானையை இழுத்தார். "மானத்த வாங்காத, வா."

என் இடுப்பில் மகள் அழ, நானும் அழுதேன். "அடைப்பிருந்தா ஐநூத்தி அம்பத்திரண்டுங்க, இல்லீன்னா அம்பத்தி மூணுங்க. ரெண்டுல ஒண்ணு எழுதாம எப்படிங்க சார் முடிக்கிறது?" (அந்தச் சீட்டுக்கு உலகத்தில் யாருமே எண் போடப்போவதில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.)

என்னை அனுப்பிவைப்பதற்காகவே டாக்டர் மறுபடி வீக்கத்தை அழுத்தினார். உள்ளே போகவில்லை. "காத்துப் பிரியுதாங்கம்மா?"

"காலையில இருந்து இல்லீங்க சாமி."

அவர் முகம் மாறியது. பெரிய டாக்டரை அழைக்க ஓடினார். அன்று மாலையே ஆபரேஷன். நாளை வரை விட்டிருந்தால் குடல் அழுகியிருக்கும் என்றார்கள்.

இன்றும் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் வடியாமல் தேங்கினால், குச்சியோடு வரும் தன் மகனை மாமியார் தடுப்பார். "மொதல்ல எழுதிக் குடு. அடைப்போடயா, அடைப்பில்லாமயான்னு அவ கேப்பா!"

விசேஷ வீடுகளில் மட்டும் பேச்சு வேறு. "மருமக டாக்டருங்களா?" என்று யாராவது கேட்டால், தலையை நிமிர்த்திக்கொள்வார்.

"இல்லீங்க. டாக்டரையே எழுத வெச்சவ."