அம்பிளியின் அறுபத்து மூன்று எறும்புகள்

முதல் சண்டையிலேயே பதினோரு பேர் செத்துவிட்டார்கள். அஜீஷ் ஒரு பல்குத்தும் குச்சியோடு நடுவில் புகுந்து சமாதானம் செய்யப் பார்த்தான். எறும்புகள் குச்சி வழியாக ஏறி வந்து சமாதானக்காரனையே கடித்தன.

"விடுங்க மக்கா, இனி நீங்க எல்லாம் ஒரே வீட்டு ஆளுவளாக்கும்" என்று கெஞ்சினான்.

யார் கேட்டார்கள்? ஒருவழியாகப் பிரித்து, அவரவர் குப்பியில் அடைத்துவிட்டுப் பிணங்களை எண்ணினான். பதினொன்றும் அம்பிளியுடையவை.

அம்பிளி நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை பார்ப்பவள். அஜீஷ் தனுவச்சபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். எறும்பு வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழகி, கல்யாணம் வரை வந்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் பாறசாலைக்கு வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கும் 'வீடு காணல்'.

அம்பிளியின் கூட்டத்தில் ராணி செத்துவிட்டது. அஜீஷின் கூட்டத்தில் ராணி உண்டு. இரண்டும் ஒரே வகைக் கட்டெறும்பு. கல்யாணத்துக்கு முன்பே இரண்டையும் சேர்த்துவிடுகிறேன் என்று மார்தட்டியவன் அவன்தான். குப்பியைக் கொடுக்கும்போது அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"அறுவத்திமூணு பேரு உண்டு. ராணி செத்து ஏழு மாசமாச்சு, ஒண்ணுகூட குறையல்ல. ஞாயித்துக்கிழமை வந்து எண்ணுவேன்."

"குறைஞ்சா?"

"உறும்பப் பாக்கத் தெரியாத ஆளு, என்னைய எப்பிடிப் பாக்கப் போறீய சேட்டா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு அஜீஷுக்குப் பிடிக்கவில்லை.

குழுவின் மூத்தவரான தாணு அண்ணனுக்கு போன் போட்டான்.

"எலே, சூட்டோட சேத்தா கடிக்கத்தான் செய்யும். ரெண்டையும் ஒரு டப்பால போட்டு கொஞ்ச நேரம் பிரிட்ஜில வை. குளிருல மரவிச்சு எழும்பும்போ பகையெல்லாம் மறந்து போவும்."

வைத்தான். தன் ராணியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டான். குளித்துவிட்டு வந்து பார்த்தால் டப்பாவைக் காணோம்.

"அம்மா, பிரிட்ஜில இருந்த டப்பா எங்க?"

"சாளை மீன் வெக்க இடமில்ல, மேல ஐஸ் பெட்டில தள்ளினேன்" என்றாள் அவன் அம்மா ரெபேக்காள்.

"ஐயோ, அதுல உறும்பு உண்டு!"

"உறும்பு வராம இருக்கத்தானே எல்லாவனும் பிரிட்ஜில வைப்பான். நீ உறும்பையே வெச்சிருக்கியே எலே!"

வெயிலில் வைத்து, ஊதி, கும்பிட்டு எழுப்பியதில் அம்பிளியின் கூட்டத்தில் முப்பத்தொன்று எழுந்தன. எழுந்ததும் பகையை மறக்கவில்லை.

அடுத்த வழியை அஜீஷே கண்டுபிடித்தான். மணம் வேறாக இருப்பதால்தானே சண்டை? எல்லாருக்கும் ஒரே மணம் வந்துவிட்டால்? குளித்ததும் நீர் இறங்காமலிருக்க அம்மா உச்சியில் தேய்த்துவிடும் ராஸ்னாதிப் பொடி அலமாரியில் இருந்தது. இரண்டு கூட்டத்துக்கும் தாராளமாகத் தூவினான்.

ஒரே மணம் வந்தது. அதனால் யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியாமல் போனது. அதுவரை ஒற்றுமையாக இருந்த அம்பிளியின் எறும்புகள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டன. பத்தொன்பது மிஞ்சின. ஒன்று தும்மியதுபோலக்கூட அவனுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை மறுபடியும் தாணு அண்ணனை அழைத்தான்.

"நடுவில துளையுள்ள ஒரு தடுப்பு வேணும் மக்கா. அங்க இங்க மோந்து பாத்து பைய பழகணும். மூணு நாள் போவட்டும்."

துளையுள்ள தடுப்புக்கு எங்கே போவது? அஜீஷ் அடுக்களையில் நுழைந்தான். புட்டுக்குழல்! உள்ளே ஆவி வருவதற்காகத் துளை போட்ட சில்லு. கடவுள் எறும்புக்காகவே செய்ததுபோல இருந்தது. சில்லைக் குழலின் நடுவில் இறுக்கி, இரண்டு முனையிலும் இரண்டு குப்பிகளைப் பஞ்சு வைத்துச் செருகி, பீரோவின் மேல் ஒளித்து வைத்தான்.

முதல் நாள் துளை வழியாகக் கடித்துப் பார்த்தன. இரண்டாம் நாள் மீசையால் தடவிப் பார்த்தன. சனிக்கிழமை சாயங்காலம், சில்லுக்கு இந்தப் பக்கம் நின்ற ஒன்று அந்தப் பக்கத்துக்காரிக்குத் தேன் ஊட்டியது. அஜீஷுக்குக் கண் நிறைந்துவிட்டது. பத்தொன்பதானால் என்ன, ஒற்றுமையாக இருக்கிறதே! மிச்சம் குப்பியின் அடிமண்ணுக்குள் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை புட்டுக்கு மட்டி வாழைப்பழம் வாங்க ஜங்ஷனுக்குப் போய்த் திரும்பினான். விருந்தாளிகள் முன்கூட்டியே வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அம்பிளி, அவள் அப்பா ஞானையன், அப்பாவின் அக்கா புஷ்பபாய். அவர்கள் தட்டில் ஆவி பறக்கும் புட்டு.

அஜீஷ் உள்ளே ஓடினான். பீரோவின் மேல் இரண்டு குப்பிகள் மட்டும் இருந்தன. ஒன்றில் அவன் ராணியும் பரிவாரமும். மற்றது காலி.

"அம்மா, குழல்?"

"விருந்துக்காரங்க வாற நாளு பாத்து பீரோ மேல கொண்டு வெச்சிருக்கான்! தேடித்தேடி மடுத்துப் போனேன். கண்ணாடி வேற காணல்ல. ஒரு தட்டு தட்டி, மாவப் போட்டேன்."

வெளியிலிருந்து ஞானையனின் குரல் கேட்டது.

"புட்டு கொள்ளாம் கேட்டியளா. கருஞ்சீரகம் போட்டிருக்கு, இல்லியா? ஒரு மருந்து மணமும் உண்டு. வயித்துக்கு நல்லதாக்கும்."

"போட்டேன், போட்டேன்" என்றாள் ரெபேக்காள், கிடைத்த பெயரை விட மனமில்லாமல்.

மாமனார் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். அஜீஷ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் மெல்ல மெல்ல அவன் கல்யாணம் அரைபட்டுக்கொண்டிருந்தது.

அம்பிளி கை கழுவிவிட்டு வந்தாள். "சேட்டா, எங்க எனக்க பிள்ளைவ? எண்ணண்டாமா?"

இனி மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடலாம் என்று அஜீஷ் வாயைத் திறந்தான். அதற்குள் புஷ்பபாய் எழுந்து இடையில் வந்து நின்றாள்.

"பிள்ளே, வீடு காண வந்துட்டு அடுக்களையப் பாக்காம என்ன? போ, போயி பாத்துட்டு வா" என்று அம்பிளியை விரட்டிவிட்டு, அஜீஷின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

"மோனே, முகம் வெளிறிப் போயி நிக்கிதே. உறும்பெல்லாம் செத்தாச்சு, இல்லியா?"

அஜீஷ் உடைந்துவிட்டான். "மாமி, ஒண்ணுகூட மிச்சமில்ல. அவளுக்குத் தெரிஞ்சா என்னைய வேண்டாம்னு சொல்லுவா. எனக்கு அவ இல்லாம இருக்கப் பற்றாது மாமி."

புஷ்பபாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். கைப்பையைத் திறந்து, மூடியில் துளை போட்ட ஊறுகாய்க் குப்பி ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். உள்ளே கறுப்பாக ஊர்ந்தது.

"அழுது கரையாத மக்கா. ராணி செத்தப்போ அவ மூணு நாள் பட்டினி கிடந்தா, அதுக்குப் பின்ன ஒவ்வொண்ணா சாவ சாவ எங்க கருப்பட்டிப் பானைல இருந்து நான்தான் பிடிச்சு எண்ணிப் போட்டுட்டு இருக்கேன். கல்யாணம் கழிஞ்சா இது உனக்க வேலையாக்கும்."