பின்சீட்டில் காலை நீட்டலாம்

மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்கா நலம், உன் அம்மா நலம், கார் நலம். நலமில்லாத ஆள் ஒருவன்தான், அவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான். உன் சுகத்தை விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் அத்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நாளைக்குக் குறை சொல்வாய், அதனால் கேட்டதாக வைத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் பாட்டுக்கு ஓய்வு பெற்றுப் பேப்பர் படித்துக்கொண்டு கிடந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து என் மடியில் கட்டிவிட்டவன் நீ. ஷோரூமில் டை கட்டிக்கொண்டு நின்று என்ன சொன்னாய்? “அத்தான், இது நம்மள மாதிரி குடும்பத்துக்குன்னே, நம்ம ரோட்டுக்குன்னே செஞ்ச கார். விலை கம்மி, குண்டு குழிக்கு அசராது, டிக்கி பெருசு. டிக்கி இல்லாததெல்லாம் ஒரு காரா? பின்சீட்டைப் பாருங்க, காலை நீட்டி உட்காரலாம்!” பின்சீட்டை அத்தனை புகழ்ந்தாயே, அது யாருக்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கண்டக்டராக இருந்த காலமெல்லாம் டிரைவர்களின் அதட்டலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் நான். சாவதற்குள் ஒருநாளாவது ஸ்டியரிங்கைப் பிடித்து நானும் நாலு பேரை அதட்ட வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் அந்தக் காரை வாங்கித் தொலைத்தேன்.

டிரைவிங் ஸ்கூலுக்கு உன் அக்கா வந்தது எனக்குத் துணையாக. சும்மா உட்கார்ந்திருக்கப் பொழுது போகவில்லை என்று அவளும் கற்றுக்கொண்டாள். “அம்மாவுக்குக் கை நல்லா வருது” என்றார் வாத்தியார். என்னைப் பார்த்து, “சார், நீங்க கீழ நின்னு சொன்னா நல்லா சொல்வீங்க” என்றார். சொல்ல மாட்டேனா பின்னே? எத்தனை பஸ்ஸை விசில் ஊதி, சந்திலும் மேட்டிலும் ஒரு கீறல் படாமல் பின்னால் எடுக்க வைத்தவன் நான்! ஆனால் நானே ஓட்டும்போது எனக்குப் பின்னால் நின்று “வரலாம், வரலாம்” சொல்ல யார் இருக்கிறார்கள்? டெஸ்டில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுக்கச் சொன்னார் அதிகாரி. பின்கண்ணாடி முடிகிற இடத்தில் கார் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்கப்புறமும் நீ மெச்சிய டிக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது! கம்பம் சாய்ந்தது. “பெரியவரே, வண்டி இன்னும் பாக்கி இருக்கு” என்கிறார் அந்த ஆள். அடுத்த தடவை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எனக்கு நானே “வரலாம், வரலாம்” சொல்லிக்கொண்டே வந்தேன். அதிகாரி எழுந்து ஓடிவிட்டார், அவருடைய நாற்காலிதான் மாட்டிக்கொண்டது. உன் அக்கா ஒரே தடவையில் பாஸ்.

அன்றிலிருந்து ஸ்டியரிங் அவளுக்கு. முன்சீட்டு உன் அம்மாவுக்கு, முழங்கால் மடங்காதாம். பின்சீட்டு எனக்கும் காய்கறிப் பைக்கும். டிக்கிதான் இருக்கிறதே என்றால், “தக்காளி நசுங்கிடும்” என்கிறாள். நான் நசுங்கலாம். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கவும் விடமாட்டாள், புதுசு போலவே இருக்க வேண்டுமாம். அவள் பிரேக் போட்டால் நான் வழுக்கிக் கீழே போகிறேன். காலை நீட்ட அவ்வளவு இடம் இருப்பதால் வெகுதூரம் போகிறேன். முன்னால் இருப்பவர்களுக்கு ஜன்னலை இறக்கப் பட்டன், பின்னால் இருப்பவனுக்குச் சுற்றுகிற கைப்பிடி. புழுக்கம் தாங்காமல் சுற்றினேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. விலை கம்மி என்றாயே, எங்கே கம்மி செய்தார்கள் என்று இப்போது புரிகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். வண்டி நிற்பதற்குள் இறங்குவது கண்டக்டர் பழக்கம், ஒருதரம் அப்படி இறங்கிவிட்டேன். அதற்காக, சின்னக் குழந்தைகளுக்கென்று பின்கதவில் வைத்திருக்கிறார்களே ஒரு பூட்டு, அதைப் போட்டுவிட்டாள் உன் அக்கா. இனி வெளியிலிருந்து யாராவது திறந்தால்தான் எனக்கு விடுதலை. போன வாரம் டிப்போவில் பழைய ஆட்கள் எல்லாரையும் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் நிறுத்தி, உன் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி நிழலுக்குக் கூட்டிப்போனவளுக்கு அங்கே யாரோ பேச்சுக் கொடுக்க, கட்டின புருஷன் மறந்துபோனான். கதவு திறக்காது, ஜன்னல் இறங்காது, கண்ணாடியைத் தட்டித் தட்டி விரல் வீங்கியதுதான் மிச்சம். யார் வந்து திறந்தது தெரியுமா? ‘முறைப்பு’ என்று நாங்கள் பெயர் வைத்திருந்த டிரைவர், சர்வீஸ் முழுக்க என்னோடு மல்லுக்கு நின்ற அதே ஆள்! குனிந்து கதவைத் திறந்துவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, “கண்டக்டர் சார், ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்குறவங்க இறங்கலாம்!” என்றான். டிப்போவே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தார்கள். என் மானம் போயிற்று, மாப்பிள்ளை.

ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பி வந்து காரை ஓட்டிக்கொண்டு போ. அரை விலைக்கு விற்றாலும் சரி, ஆற்றில் தள்ளினாலும் சரி, என் கண்ணில் அது படக்கூடாது. வரவில்லையானால் இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறாதே. உறவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். உனக்கான ஆசி, கார் வாசலை விட்டுப் போன பிறகு.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். கார் இருக்கட்டும். தபாலாபீஸ் தூரம் என்பதால் உன் அக்காதான் அழைத்து வந்தாள். உறையை ஒட்டுவதற்குள் பிடுங்கி, வாசலிலேயே நின்று முழுசாகப் படித்துவிட்டாள். சண்டைக்கு வருவாள் என்று நானும் தயாராக நின்றேன். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். “கல்யாணம் ஆன நாள்லருந்து உங்க ஸ்கூட்டருக்குப் பின்னாடி, மழையிலயும் வெயில்லயும், உங்க முதுகைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். நான் யாருக்காவது லெட்டர் போட்டேனா?” என்றாள். கோபம் இன்னும் இருக்கிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பின்சீட்டில் ஏறி, கதவை நானே சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.