என் வாசலில் ஒன்பது வண்டிகள்

அன்பு மகள் தோருனுக்கு அப்பா ஆர்வித் எழுதுவது. இங்கே நானும் வீட்டுக் கூரையும் பனியைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். பெர்கனில் நீயும் மாப்பிள்ளையும் மழையில் நனையாமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த ஊரில் அது நடக்காது என்றும் தெரியும்.

உன் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கார் சாவியைத் தபாலில் அனுப்பாவிட்டால் டாக்டருக்கு எழுதி என் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்கிறாய். பக்கத்துப் பண்ணை ஹெல்கா உனக்கு போன் செய்திருக்கிறாள். அவள் வாயில் ஒன்பது வண்டி தொண்ணூறாகியிருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தப்பு யார்மேல் என்று நீயே பார்.

போன செவ்வாய்க்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் பல் வைத்தியரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பனிப்புயல் என்று சாலையை அடைத்துவிட்டார்கள். வழக்கம்போல் பனி தள்ளும் லாரி முன்னால் போக, மற்ற வண்டிகள் அதன் பின்னால் வரிசையாகப் போக வேண்டும். என்னிடம் பனியில் வழுக்காத ஆணி டயர், டேங்க் நிறைய டீசல், மண்வெட்டி, கம்பளி, ஃபிளாஸ்கில் காபி எல்லாம் இருந்ததால் என்னை முதல் வண்டியாக நிற்க வைத்தார்கள், இதையும் ஹெல்கா சொல்லியிருக்க மாட்டாள். லாரிக்கார ஸ்டைனார் ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிக்கொண்டு வந்தான்.

"முன்னாடி போற செவப்பு விளக்க விட்டுறாதீங்க. அது நின்னா நில்லுங்க. என்ன ஆனாலும் வண்டிய விட்டு எறங்காதீங்க," என்றவன், என்னைப் பார்த்ததும், "என்ன பெரியவரே, இந்த மாசம் இது மூணாவது தடவ. ஒங்களுக்கு மொத்தம் எத்தன பல்லு?" என்றான்.

நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். மலையை ஒழுங்காகத் தாண்டினோம். இந்தப் பக்கத் தடுப்போடு வரிசை முடிந்தது, ஸ்டைனார் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான், நான் என் பாட்டுக்குப் பத்து கிலோமீட்டர் இறங்கி, நம் பாதையில் திரும்பி, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கோட்டைக் கழற்றினால், ஜன்னல் முழுக்க மஞ்சள் விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கின்றன. ஒன்பது வண்டிகள், கடைசியில் ஒரு மீன் லாரி. முதல் வண்டியில் ஒரு டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன்.

"ஏம்மா, இங்க என்ன பண்றீங்க?"

"நீங்க நின்னீங்க, நாங்களும் நின்னுட்டோம்."

"இது என் வீட்டு வாசல்மா."

"அப்ப மலை?"

"அது முடிஞ்சு பத்து கிலோமீட்டர் ஆச்சு. எறங்குங்க."

"எறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே," என்றார்.

மீன் லாரி பனியில் புதைந்து பாதையை அடைத்துக்கொண்டது, ஹெல்கா டிராக்டரோடு வர இரண்டு மணி நேரம் ஆயிற்று, அதுவரை பதினாலு பேரை வெளியே விறைக்க விட முடியுமா, நீயே சொல். தற்செயலாகக் கொஞ்சம் வாஃபிள் மாவு இருந்தது. மீன் லாரிக்காரர் ஏப்ரன் கட்டிக்கொண்டு சுட்டார், அதன்மேல் வைக்க டீச்சரம்மா பழுப்புச் சீஸைச் சீவினார். உன் அம்மா போனபிறகு நம் சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கப் பலகைகளையும் இழுத்து விரித்தது அன்றுதான். வீடு ஒரே சத்தமாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆக, என் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பின்னால் வந்தவர்களுக்குப் புத்தி இல்லையென்றால் நான் என்ன செய்ய முடியும்? சாவி என்னிடமே இருக்கும். நீ வசந்தத்தில் வருகிறேன் என்று எழுதியிருப்பதையும் குறித்துக்கொண்டேன்.

உங்கள் இருவருக்கும் வழுக்காத பாதையும் சூடான காலுறையும் என்றும் வாய்க்கட்டும்.

உன் அப்பா,
ஆர்வித்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நான் பல் வைத்தியரிடம் போகவில்லை. எனக்குச் சொந்தப் பல்லே இல்லாமல் இரண்டு வருஷமாகிறது. நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன். அந்த வரிசையில் நின்றால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் இருக்கிறார்கள், அதற்காகத்தான் போனேன். நம் பாதையில் திரும்பும்போது கண்ணாடியில் ஒன்பது வண்டி விளக்குகளும் தெரிந்தன. நின்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மாவைக் காலையில் கிளம்பும்போதே பதினைந்து பேருக்குக் கரைத்து வைத்திருந்தேன். சாவி இந்த உறைக்குள் இருக்கிறது. இனி மலையைத் தாண்ட வேண்டியது நீதான். ஸ்டைனாரின் சிவப்பு விளக்கை விட்டுவிடாதே. மேசையை நான் இன்னும் மடக்கவில்லை.