எழும்பாத மெத்தைக்கு ஐந்து நட்சத்திரம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. ஆனால் தாங்கள் நலமில்லாமல் படுத்திருப்பது எனக்குத் தெரியும், அதற்குக் காரணம் நான் என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே அந்த வரியை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லக்கூடியதைத் தபாலில் எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். என் மகள் என் போனை எடுப்பதில்லை. தங்கள் போனைச் சம்பந்தியம்மா எடுத்து, "அவர் தூங்குறார்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். அந்த மெத்தையில் மனிதப்பிறவி தூங்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மரியாதைக்காக நாங்கள் இருவரும் அதைப் பேசுவதில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்கும் தங்களைப் போலவே முதுகுவலி. ஓய்வு பெற்றபின் அதைக் கவனிக்க நேரம் கிடைத்ததால் கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. போனில் ஒரு மெத்தை விளம்பரம் வந்தது. அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே தூங்கினார். தூங்குகிறவன் ஏன் சிரிக்கிறான் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் பணத்தைக் கட்டினேன். புதுசுதான் வருகிறதே என்று என் வீட்டுக்காரி பழைய மெத்தையைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்தாள். வந்தது மெத்தை இல்லை, குடையைவிடக் கொஞ்சம் தடியான ஒரு சுருள். பிரித்து விரித்தால் காற்றை இழுத்துக்கொண்டு தானாக எழும்பும் என்று அட்டையில் போட்டிருந்தது. கூடத்து நாற்காலிகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டு நடுவில் விரித்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் சுவரோரம் நின்றபடி அது எழும்புவதைப் பார்க்கக் காத்திருந்தோம். மாடிவீட்டு எலக்ட்ரீஷியனும் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார். அவர்தான் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது இன்னும் மூச்சே விடலையே" என்றார். மறுநாள் ஒரு மூலை மட்டும் பன் அளவுக்கு எழும்பியது. "என்னங்க, நம்ம ரெண்டு பேரும் அந்த மூலையிலயே படுத்துக்கணுமா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். வீடு முழுக்க டயர் கடை வாசனை.

கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள், தேன் போலப் பேசினாள். "சார், உங்க வேதனை எனக்கு நல்லாப் புரியுது. ஃபேனை வேகமா வெச்சீங்களா?" என்றாள். வைத்தேன் என்றேன். "அப்போ அதுமேல படுத்து நல்லா உருண்டு பாருங்க சார், உள்ள இருக்கிறது விட்டுக் கொடுக்கும்" என்றாள். நானும் என் வீட்டுக்காரியும் இந்த வயதில், பட்டப்பகலில், கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் உருண்டோம் சம்பந்தி. விட்டுக் கொடுத்தது அவளுடைய இடுப்புதான். ஆத்திரம் பொறுக்காமல் கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சும் இல்லை, ஸ்பாஞ்சும் இல்லை. ரப்பர் செருப்பு வெட்டி எடுத்தபின் மிஞ்சுகிற தகடுகள், பாத வடிவத்தில் ஓட்டை ஓட்டையாக. ஊரார் காலுக்குப் போனது போக மிச்சத்தில்தான் எங்களைப் படுக்கச் சொல்லியிருக்கிறான். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று மறுபடி கூப்பிட்டால் அதே பெண் அதே தேன் குரலில், "தையலைப் பிரிச்சுட்டீங்களே சார், இனி அது உங்க பொருள்" என்கிறாள்.

நான் எப்படிப்பட்டவன் என்று தங்களுக்குத் தெரியும். குழாய் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாகத்தான் என் காலம் போயிற்று. ஒரு சொட்டு கசிந்தாலும் தள்ளிவிடுவேன். முதலாளியின் மச்சான் கொண்டுவந்த சரக்கையே தள்ளியிருக்கிறேன். அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ரிஜெக்ட் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் வந்த இடத்தையெல்லாம் தள்ளி, கடைசியில் தங்கள் வீட்டுக்குத்தான் தலையாட்டினேன். அந்தக் கையாலேயே மெத்தைக்கும் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, அதை விற்ற இணையப் பக்கத்திலேயே குறைகளை வரிசையாக எழுதிப் பதிந்தேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாளே அந்தக் கம்பெனி மேனேஜர் என்று ஒருவர் கூப்பிட்டார். "ஐயா, உங்க எழுத்தைப் படிச்சுக் கண் கலங்கிடுச்சு. இந்தக் காலத்துல யார் இப்படி எழுதுறாங்க? பணத்தை இன்னைக்கே அனுப்பிடுவேன். ஆனா ஒரு ஸ்டார் போட்டவங்க கணக்கை சிஸ்டம் பூட்டிடுது. நீங்க அஞ்சா மாத்தி, நல்லதா நாலு வார்த்தை எழுதிடுங்க. பணம் வந்ததும் அழிச்சுக்கலாம்" என்றார். எனக்குக் காதில் பூச்சுற்றுகிறான் என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தது. ஆனால் எழுத்தைப் பற்றி அப்படி ஒருவர் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. நாலு வார்த்தைக்கு உட்கார்ந்தவன் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். "படுத்ததும் பாரமெல்லாம் இறங்கியது", "தாய்மடியில் கிடப்பதுபோல் கிடக்கிறேன்", "தரப் பரிசோதனையில் பழுத்த அனுபவம் உள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன்" என்றெல்லாம் வந்து விழுந்தது. படித்தவர்கள் எல்லாம் 'பயனுள்ளது' என்று அமுக்க அமுக்க, அது மெத்தைக்கு மேலேயே முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மெத்தைதான் எழும்பவில்லை, என் எழுத்து எழும்பிவிட்டது. வீட்டுக்காரி, "பணம் வந்துச்சா?" என்று கேட்கும்போதெல்லாம், "இன்னைக்கு எத்தனை பேர் படிச்சிருக்காங்க பாரு" என்று போனைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அந்த எழுத்தைத்தான் என் மகள் பார்த்திருக்கிறாள். தங்களுக்கு முதுகுவலி என்று மெத்தை தேடியவள், அப்பா பெயரைப் பார்த்ததும் வேறு எதையும் பார்க்கவில்லையாம். "எங்கப்பா சரின்னு சொல்லிட்டா கண்ணை மூடிட்டு வாங்கலாம் மாமா" என்று தங்களிடம் சொன்னாளாம். இதை மாப்பிள்ளை சொல்லித்தான் கேள்விப்பட்டேன், கேட்டதிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. வாங்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று முதலில் கோபம் வந்தது. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? அந்த வாரம்தான் மேனேஜர், "பணம் கிளம்பிடுச்சு ஐயா" என்று சொல்லியிருந்தார். சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

தாங்கள் அதில் படுத்து, எழுந்திருக்க முடியாமல், டாக்டர் வீட்டுக்கே வந்து அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போன அன்று மகள் கூப்பிட்டாள். "அப்பா, நீங்க அதுல படுத்தீங்களா இல்லையா?" என்றாள். உருண்டேன் என்றேன். "நல்லா இருந்துச்சா?" என்றாள். மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன். "இனிமே இந்த வீட்டுல நான் எதைச் சொன்னாலும், இது உங்கப்பா எழுதினதான்னு கேப்பாங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழாமல் சொன்னாள்.

எழுதியதை அழிக்கலாம் என்று போனால், சிறந்த கருத்தாகத் தேர்வாகிவிட்டதால் இனி மாற்ற முடியாது என்று வருகிறது. மேனேஜர் நம்பர் உபயோகத்தில் இல்லை. எங்கள் தெரு மருந்துக்கடைக்காரரும் என் எழுத்தை நம்பி ஒன்று வாங்கிவிட்டார். இப்போது மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டு, நான் எடுக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் மானம் கப்பலேறியது போகட்டும். தாங்கள் பெரிய மனது வைத்து, "உங்கப்பா போனை எடும்மா" என்று என் மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாங்கள் சொன்னால் கேட்பாள். இனி எந்தப் பொருளுக்கும், யார் காலில் விழுந்து கேட்டாலும், பொய்யாக ஒரு நட்சத்திரம்கூடப் போடமாட்டேன் என்று எழுத்து மூலமாக உறுதி தருகிறேன்.

தங்கள் முதுகு சீக்கிரம் நிமிர வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு வணக்கங்கள், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். மகள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அவள் பங்கையும் மாப்பிள்ளையே வாங்கி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்திருக்கும் தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அந்த மேனேஜர் புது நம்பரிலிருந்து கூப்பிட்டார். அவசரப்பட்டு அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன். பாவம், அவர் போனை யாரோ ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டார்களாம். நம் இருவர் பணமும் ஒன்றாகக் கிளம்பத் தயாராக இருக்கிறதாம். ஒரே குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஐந்து போட்டு மற்றவர் ஒன்றும் போடாமல் இருப்பதால்தான் சிஸ்டம் குழம்புகிறதாம். தாங்கள் சிரமப்பட வேண்டாம், எழுத வேண்டியதை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், போனில் பதிந்தால் போதும். இந்தத் தடவை பொய் ஒரு வரிகூட இல்லை: "சொன்ன நாளில் வந்தது. அட்டைப்பெட்டி உறுதியானது. படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை." ஐந்து நட்சத்திரம் போடவும், நான்கு போட்டால் வராதாம். பதிவதற்கு மட்டும் என் மகளைக் கூப்பிட வேண்டாம். முதல் வரியிலேயே அப்பா எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவாள்.