இது வெறும் தலைவலி இல்லை

தலைவலி எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் தலைவலியை ஒரு பதவியாக வகிக்கும் இனம் ஒன்று உண்டு. உங்கள் அலுவலகத்தில் நிச்சயம் ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

நமது தலைமை எழுத்தரைப் பாருங்கள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு விரலால் நெற்றிப்பொட்டை அழுத்தி, கண்ணை மூடி, யாராவது "என்ன சார்?" என்று கேட்கும்வரை மூடியே வைத்திருந்து, கேட்டதும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லி, கேட்டவர் அதை நம்பி நகர்ந்துவிட்டால் இன்னும் பலமாக அழுத்துவார். அவர் தலைக்கு மேலிருக்கும் குழல்விளக்கை அணைத்துப் பல காலம் ஆகிறது. பக்கத்து மேசைக்காரர் கோப்புகளைத் தடவிப் பார்த்துத்தான் படிக்கிறார். யார் கேட்பது? அவருக்கு மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி அல்லவா.

அடுத்தவர் தலைவலியை அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. தட்டச்சுக்காரப் பெண் ஒருநாள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"

"ரெண்டு பக்கமும் சார்."

"அப்ப சாதா. தண்ணி குடிம்மா."

அவருக்கும் இரண்டு பக்கமும்தான் வலிக்கும், கயிறு கட்டி இறுக்கினாற்போல. "எனக்கு வர்றது ரெண்டு பக்கமும் ஒற்றைத் தலைவலி" என்று அதற்கொரு விளக்கம் வைத்திருந்தார். சட்டைப் பையில் மாத்திரை அட்டை சரசரக்கும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, வரப்போகிற வலிக்கு முன்கூட்டியே ஒன்று.

வீட்டில் பேச்சே வேறு. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்பார் மனைவியிடம். நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கும் அவள், "ஆமாங்க" என்பாள். பல நாள் விளக்கை அணைத்து, அறைக்கதவைச் சாத்திப் படுத்துவிடுவாள். தன் தலைவலிக்காகத்தான் வீட்டை இவ்வளவு அமைதியாக வைத்திருக்கிறாள் என்று அவர் நெகிழ்ந்துபோவார். அந்த நெகிழ்ச்சியில் சத்தமாக டிவி பார்ப்பார்.

இப்படி நிம்மதியாக வலித்துக்கொண்டிருந்த தலைக்கு ஒரு சோதனை வந்தது. மாற்றலாகி வந்த புது மேலாளர் அந்தக் குழல்விளக்கைப் போட்டுவிட்டார். "மைக்ரேன்னு டாக்டர் சீட்டு கொண்டாங்க சார், அணைச்சிடலாம்."

பதவிக்கே ஆபத்து. மனைவியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்.

"வலி எப்படி இருக்கும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பயங்கரமா இருக்கும்."

"அது சரி. படியேறினா அதிகமாகுமா? வாந்தி வருமா? வெளிச்சம், சத்தம் தாங்குமா?"

இத்தனை கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மனைவி பக்கம் திரும்பினார். "நீ சொல்லேன், எப்படி வலிக்கும்னு."

அவள் சொன்னாள். பெரும்பாலும் ஒரே பக்கம், விண் விண்ணென்று தெறிக்கும், நடந்தாலே கூடும், குமட்டி வாந்தி வரும், வெளிச்சம் ஊசியாகக் குத்தும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி, மற்ற நாளில் பாதி மந்தமாக வலித்துக்கொண்டே இருக்கும், வருடக்கணக்காக இதே கதை.

அவர் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். என்ன ஒரு மனைவி.

"சாருக்கு இவ்வளவு இருக்கா?"

"இல்ல டாக்டர், எனக்கு. அவருக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

தலையாட்டல் நின்றது.

"இதுதாம்மா நாள்பட்ட மைக்ரேன். வராம தடுக்க மருந்து இருக்கு. ஏன் இத்தனை நாள் வரல?"

"வீட்டுல ஏற்கெனவே ஒருத்தருக்கு இருந்துதே."

"அப்ப எனக்கு?" என்றார் இவர், பாதிக் குரலில். அவர் வலியையும் சட்டைப் பையிலிருந்த மாத்திரைக் கணக்கையும் விசாரித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்:

"உங்களுக்கு ஆரம்பத்துல சாதாரணத் தலைவலிதான் சார். தினம் மாத்திரை போட்டுப் போட்டே தினம் வர்ற மாதிரி ஆயிடுச்சு. நான் சொல்றபடி நிறுத்துங்க. முதல்ல கொஞ்சம் கூடும், அப்புறம் குறையும்."

சாதாரணம். அந்த ஒரு சொல்லில் அவருக்கு நிஜமாகவே தலை வலித்தது. அன்று மாலை மனைவி கதவைச் சாத்தியபோது, டிவிக்கு நீண்ட கை பாதியில் திரும்பிவிட்டது. வெட்கமாக இருந்தது அவருக்கு.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் விளக்கு வெளிச்சத்தில் தட்டச்சுக்காரப் பெண்ணிடம், "மைக்ரேன்னா என்னன்னு எங்க வீட்டுல வந்து பாரும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டே நெற்றிப்பொட்டை அழுத்துகிறீர்களே, அந்த விரலை எடுத்துவிட்டு, உங்கள் வீட்டில் எந்த அறைக்கதவு சாத்தியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.