ஒரே அறையில் நான்கு பிரிவு

கற்றல் அடைவு என்பது ஆசிரியரால் உயர்வதன்று, அமைப்பால் உயர்வது என்ற மாபெரும் உண்மை விழுப்புரத்தில் நடந்த கூட்டமொன்றில், மதியப் பிரியாணிக்குச் சற்று முன்பு கண்டறியப்பட்டது. அதை வானூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்து வந்த புண்ணியவான் அதிகாரி செல்வகுமார்.

அங்கே தலைமையாசிரியை லூசியா நாயாய்ப் பேயாய் அலைந்து கேட்டது ஒன்றே ஒன்று: எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்கு வாத்தியார். பழையவர் ஓய்வுபெற்றதிலிருந்து பிள்ளைகளுக்குப் பின்னம் என்றாலே பேதி. லூசியாவோ தமிழ் படித்தவர். கணக்கு நடத்தினால் அவருக்கே வியர்த்துக் கொட்டும்.

“வாத்தியார் எதுக்கும்மா? வகுப்பு பெருசு, அதான் கோளாறு. சின்ன வகுப்புன்னா தேர்ச்சி கூடும்னு ஆய்வே சொல்லுது. நாலு பிரிவா பிரிச்சிடுங்க” என்றார் செல்வகுமார்.

“சார், இருக்கறது ஒரே ரூம். நடத்தறதும் நான் ஒருத்திதான்.”

“அது வசதி. நான் சொல்றது அமைப்பு.”

அமைப்பு சாக்பீஸால் அமைந்தது. தரையில் நெடுக்கே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஏ, பி, சி, டி. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் லூசியா நின்றார். ஏ பிரிவுக்குக் கணக்கு நடக்கையில் மற்றவர்கள் அதைக் காதில் வாங்கக் கூடாது. கால அட்டவணைப்படி அவர்களுக்கு அப்போது வேறு பாடம். பி பிரிவு இருதய அருண் வாய் சும்மா இல்லாமல் சரியான விடையைச் சொல்லித் தொலைத்தான். எல்லை தாண்டி அறிவு பெற்றதற்காக வன்மையாகக் கண்டிக்கப்பட்டான்.

பருவத் தேர்வில் நான்கு பிரிவும் ஒற்றுமையாக ஊத்திக்கொண்டன. செல்வகுமார் மூக்கால் அழுதார்.

“திண்டிவனத்துல மீட்டிங் வருது, மானம் போயிடும்மா! அடுத்த பரீட்சைக்குள்ள எதாவது பண்ணுங்க. ரிசல்ட் காட்டுங்க, வாத்தியார் வேணும்னு நானே எழுதறேன்.”

வாத்தியார் ஆசை யாரை விட்டது? லூசியா பண்ணினார். வகுப்பில் கணக்கு வருவது மூன்றே பேருக்கு. ஏ-வில் அருள்ராணி மட்டும், பி-யில் இருதய அருண் மட்டும், சி-யில் ஜெசி மட்டும். மிச்சப் பிள்ளைகள் மொத்தமும் டி-யில், மூட்டையில் திணித்த மல்லாட்டைக் கடலை கணக்காக.

நான்கில் மூன்று பிரிவுகள் முழுத் தேர்ச்சி! திண்டிவனத்தில் கேடயம், பொன்னாடை, கைதட்டல். “கணக்கு ஆசிரியர் இல்லாமலேயே இச்சாதனை!” என்று மேடையில் முழங்கினார் செல்வகுமார். மறுவாரமே ஆணை வந்தது: “ஆசிரியரின்றியே அடைவு எய்திய பள்ளிக்கு மேற்படி பணியிடம் அவசியமற்றது எனக் கருதி ரத்து செய்யப்படுகிறது.”

லூசியா ஆணையை இரண்டு முறை படித்தார். அடப்பாவமே, தன் கையாலேயே வாத்தியாரை ஒழித்துக் கட்டியாகிவிட்டது!

அந்த நேரம் பார்த்து ஊர் கொதித்துக் கிளம்பி வந்தது. லூசியாவுக்குப் போன உயிர் திரும்பியது. முன்னால் நின்றவர் பூமாலை, டி பிரிவுப் பையனின் அப்பா.

“இன்னா மேடம் அநியாயம் இது? கேக்க ஆளில்லன்னு நெனச்சிக்கினீங்களா?”

“கேளுங்க, நல்லாக் கேளுங்க! கணக்கு வாத்தியார் போஸ்ட்டையே தூக்கிட்டாங்க. வாங்க, மறியலுக்கு நானும் வர்றேன்!”

“அது கெடக்குது வுடுங்க. எம்புள்ளைய ஏ பிரிவுல போடுங்க. அங்கதான் எல்லாம் பாஸாமே?”

“ஐயோ, நாலுக்கும் ஒரே ரூம்தாங்க! நான்தாங்க நடத்துறேன்!”

“தெரியும் மேடம்.” பூமாலை குரலைத் தாழ்த்தினார். “ஏ-ன்னா கொஞ்சம் பாத்து நடத்துவீங்க இல்ல?”

பின்னால் நின்ற கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. லூசியா எல்லாப் பிள்ளைகளையும் ஏ-வில் சேர்த்தார். வாத்தியார் இல்லாத அதே பழைய வகுப்பை ஒருமுறை கண்குளிரப் பார்த்துவிட்டு, ஊர் நிம்மதியாகக் கலைந்து போனது.